ஹைபிரிட் பிக்கப் வாங்கலாமா? ஃபோர்டு, டொயோட்டா, ராம், வெறும் பெட்ரோல்: எது யாருக்கு?

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்களுக்கு ஷோரூமில் இப்போது ஒரு சங்கடம். ஒரே வண்டி, ஒரே நிறம், ஒரே இருக்கை. ஒன்று வெறும் பெட்ரோல், பக்கத்தில் நிற்பது ஹைபிரிட். விலையில் சில ஆயிரம் டாலர் வித்தியாசம். விற்பவர் "மைலேஜ் மிச்சம்" என்பார். எந்தச் சாலையில் மிச்சம், வருஷத்துக்கு எத்தனை டாலர் மிச்சம் என்று திருப்பிக் கேட்டால் பேச்சு குதிரைத்திறனுக்குத் தாவிவிடும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முழு அளவு பிக்கப்பில் ஹைபிரிட் இரண்டு காரணங்களுக்காக மட்டும் காசு பெறும்: ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவது, வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பது. கனமான ட்ரெய்லரை நெடுந்தூரம் இழுப்பதற்காக ஹைபிரிட் வாங்குகிறவர் பெரும்பாலும் தனக்குப் பயன்படாத அமைப்புக்குக் காசு கட்டுகிறார். ஏன் என்பதற்குக் கணக்கு கீழே.

## ஒரே பெயர், வெவ்வேறு சரக்கு

"ஹைபிரிட்" என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல.

ராம் 1500-இல் 2019 முதல் வரும் இடார்க், மென் ஹைபிரிட். ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட்டால் சுழலும் ஒரு மோட்டார்-ஜெனரேட்டர், கேபினின் பின்சுவரில் 48 வோல்ட்டில் 0.43 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி. மின்சாரத்தில் மட்டும் இந்த வண்டி ஓடாது. சிக்னலில் எஞ்சினை அணைத்து, அதிர்வில்லாமல் மறுபடி எழுப்பி, கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட், 2021 மாடலில் வந்தது. 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினுக்கும் 10 கியருக்கும் நடுவே 35 கிலோவாட் மோட்டார். 1.5 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி வண்டியின் அடியில், சட்டத்துக்குள் இருக்கிறது. மெதுவான வேகத்தில் கொஞ்ச தூரம் எஞ்சின் இல்லாமலே நகரும்.

டொயோட்டா டுன்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ், 2022 மாடல். அமைப்பு ஃபோர்டைப் போலத்தான்: இரட்டை டர்போ வி6, கியர்பாக்ஸுக்கு முன்னால் 48 குதிரைத்திறன் மோட்டார். பேட்டரி மட்டும் வேறு. 288 வோல்ட், 1.87 கிலோவாட்-மணி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, பின் இருக்கைக்கு அடியில்.

இதற்கெல்லாம் முன்னோடி ஜெனரல் மோட்டார்ஸ். 2004-இலேயே செவர்லே சில்வராடோவில் 42 வோல்ட் ஈய-அமில பேட்டரியை வைத்து ஒரு மென் ஹைபிரிட் விற்றார்கள். மைலேஜ் பத்தில் ஒரு பங்கு போலத்தான் ஏறியது. ஆனால் அதில் 120 வோல்ட் பிளக் பாயிண்ட் நான்கு இருந்தன, மொத்தம் 2,400 வாட். கட்டட வேலைக்காரருக்குச் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அதுதான். 2009-இல் அதே நிறுவனம் 'டூ-மோட்' என்ற பெரிய ஹைபிரிட்டைக் கொண்டுவந்தது. 6.0 லிட்டர் வி8, 300 வோல்ட் பேட்டரி. நகர மைலேஜ் நன்றாகவே உயர்ந்தது, விலையும் உயர்ந்தது, இழுக்கும் எடை மட்டும் 6,100 பவுண்டோடு நின்றது. 2013 மாடலோடு கடையைக் கட்டினார்கள். இன்று பழைய வண்டிச் சந்தையில் அந்த டூ-மோட் மலிவாகக் கண்ணில் படலாம். அந்த கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வண்டியைப் பார்ப்பதற்கு முன் இந்த ஐந்துக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் மைல்கள் எங்கே ஓடுகின்றன? ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையிலா?
2. ட்ரெய்லர் இழுப்பீர்களா? எத்தனை பவுண்டு, வருஷத்தில் எத்தனை நாள், மலையேறுமா?
3. ஆட்கள், கருவிகள், ட்ரெய்லரின் முன்பாரம் எல்லாம் சேர்த்து வண்டியின் மேல் உட்காரப் போகும் எடை எவ்வளவு?
4. வண்டியிலிருந்து மின்சாரம் தேவையா? எவ்வளவு வாட், 120 வோல்ட்டா 240 வோல்ட்டா?
5. எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? வாரண்டி முடிந்த பிறகும் உங்களிடமே இருக்குமா?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பிறகு அதில்தான் மாட்டுகிறார்கள்.

## எண்கள் ஒரு பார்வையில்

எல்லாம் நான்கு சக்கர இயக்க வண்டிகள், அந்தந்த அமைப்பு அறிமுகமான காலத்து மதிப்புகள் (எஃப்-150: 2021, டுன்ட்ரா: 2022, ராம்: 2019). அதிகபட்ச இழுவை எடை மட்டும் அந்த எஞ்சினில் கிடைக்கும் மிகச் சாதகமான வடிவத்துக்கு. மைலேஜ், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ-வின் கணக்கில், கேலனுக்கு மைல்: நகரம் / நெடுஞ்சாலை / கலவை.

| | எஃப்-150 3.5 பெட்ரோல் | எஃப்-150 பவர்பூஸ்ட் | டுன்ட்ரா பெட்ரோல் | டுன்ட்ரா ஹைபிரிட் | ராம் 5.7 இடார்க் |
|---|---|---|---|---|---|
| குதிரைத்திறன் | 400 | 430 | 389 | 437 | 395 |
| டார்க், பவுண்டு-அடி | 500 | 570 | 479 | 583 | 410 |
| மைலேஜ் | 18/23/20 | 24/24/24 | 17/22/19 | 19/22/20 | 17/22/19 |
| அதிகபட்ச இழுவை, பவுண்டு | 14,000 | 12,700 | 12,000 | 11,450 | 12,750 |
| பேட்டரி, கிலோவாட்-மணி | இல்லை | 1.5 | இல்லை | 1.87 | 0.43 |
| பிளக் பாயிண்ட் | விருப்பத்தில் 2.0 கிலோவாட் | 2.4, விருப்பத்தில் 7.2 கிலோவாட் | 400 வாட் | 400 வாட் | 400 வாட் |

கேலனுக்கு 20 மைல் என்பது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்; 24 மைல் என்பது பத்துக்குச் சற்று மேல்.

இழுவை வரிசையைக் கவனியுங்கள். ஃபோர்டிலும் டொயோட்டாவிலும் ஹைபிரிட்டுக்குத்தான் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) அதிகம், ஆனால் இழுவை வரம்பு குறைவு. கூடுதல் மோட்டாரும் பேட்டரியும் வண்டியின் சொந்த எடையை ஏற்றிவிடுவதால் வரும் முரண் இது.

## பேட்டரி எங்கே உழைக்கிறது, எங்கே சும்மா இருக்கிறது

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

மணிக்கு 35 மைல் வேகத்தில் போகும் 2,600 கிலோ வண்டியை நிறுத்தினால் அதன் இயக்க ஆற்றல் 0.09 கிலோவாட்-மணிக்கும் கொஞ்சம் குறைவு. 1.5 கிலோவாட்-மணி பேட்டரிக்கு அது ஒரு கவளம். சிக்னலுக்குச் சிக்னல் பிடித்து, மறுபடி கிளம்பக் கொடுத்து, மறுபடி பிடிக்கலாம். நகரத்தில் ஃபோர்டின் மைலேஜ் 18-இலிருந்து 24-க்கு ஏறுவதன் ரகசியம் இதுதான்.

இப்போது ட்ரெய்லரை மாட்டி மலையேறுங்கள். 35 கிலோவாட் மோட்டார் முழு மூச்சில் தள்ளினால் 1.5 கிலோவாட்-மணி எத்தனை நேரம் வரும்? இரண்டரை நிமிடம். பேட்டரியை முழுக்கக் காலி செய்ய வண்டி அனுமதிக்காது, ஆகவே உண்மையில் இன்னும் குறைவு. மணிக்கு 60 மைல் வேகத்தில் இரண்டரை நிமிடம் என்றால் இரண்டரை மைல். கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்கு ஏறுவது, 11,000 அடிக்கும் மேலே, பல மைல் தொடர் ஏற்றம். பாதி வழியிலேயே உங்கள் ஹைபிரிட், கூடுதல் எடை சுமக்கும் ஒரு பெட்ரோல் வண்டியாகிவிடும்.

இறக்கத்திலும் இதே கதை. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 6,000 கிலோ, 600 மீட்டர் இறங்குகிறது என்றால் சுமார் 9.8 கிலோவாட்-மணி ஆற்றலை எங்கேயாவது கரைக்க வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். பேட்டரி கொள்வது அதிகபட்சம் 1.5. மிச்சத்தை எஞ்சின் பிரேக்கும் பிரேக் பேடும்தான் ஏற்க வேண்டும். "ஹைபிரிட்தானே, பிரேக்கைப் பார்த்துக்கொள்ளும்" என்று டோ-ஹால் (பாரம் இழுக்கும்போது எஞ்சின் பிரேக்கைக் கூட்டும்) பட்டனை அழுத்தாமல் இறங்கினால் டிஸ்க் நீலம் பாய்ந்துவிடும்.

## பணக் கணக்கு

வருஷத்துக்கு 15,000 மைல், கேலன் 3.25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஃபோர்டு: கலவை மைலேஜ் 20-க்குப் பதில் 24. 750 கேலன் 625 ஆகிறது. வருஷத்துக்கு 406 டாலர் மிச்சம். ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். முழுக்க ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு 677 டாலர் வரை மிச்சம். முழுக்க நெடுஞ்சாலையில் போகிறவருக்கு 23-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம்தான், வருஷத்துக்கு 88 டாலர். 2021-இல் பவர்பூஸ்டுக்குக் கூடுதல் விலை, வசதி குறைந்த கீழ்த்தட்டு வண்டியில் 4,500 டாலருக்கு அருகிலும் வசதி கூடிய மேல்தட்டு வண்டியில் 2,000 டாலருக்கு அருகிலும் இருந்தது. மேலே போகப் போக வழக்கமாக வரும் எஞ்சினே விலை கூடியது என்பதால் இடைவெளி சுருங்குகிறது. இந்த வித்தியாசம் மாடலுக்கு மாடல் மாறும். நீங்கள் பார்க்கும் இரண்டு வண்டிகளின் ஜன்னல் ஸ்டிக்கர்களைக் கழித்துப் பார்ப்பதே சரி.

டுன்ட்ரா: 19-க்குப் பதில் 20. 789 கேலன் 750 ஆகிறது. மிச்சம் 128 டாலர். ஒஹையோவில் ஹைபிரிட் வண்டிகளுக்கு வருடாந்தரப் பதிவின்போது கூடுதலாக 100 டாலர் வாங்குகிறார்கள். அங்கே வசிப்பவருக்கு மிஞ்சுவது 28 டாலர், ஒரு டேங்க்கில் பாதி கூட நிரம்பாது. பதிவுக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு; உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

ராம்: இடார்க் இல்லாத 5.7 வி8-க்கு 2019-இல் கலவை 17, இடார்க்கோடு 19. வருஷத்துக்கு 302 டாலர். மூன்றிலும் எளிய அமைப்பு, டுன்ட்ராவை விட அதிக மிச்சம் தருகிறது! ஒரே ஒரு சிக்கல்: இந்த மிச்சத்தில் நல்ல பங்கு சிக்னலில் எஞ்சின் அணைவதால் வருவது. வண்டியில் ஏறியதும் அந்த வசதியை அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பங்கு கிடைக்காது.

## ஃபோர்டு பவர்பூஸ்ட்

இந்த வண்டியின் உண்மையான சரக்கு பிளக் பாயிண்டுகள். அடிப்படையாக 2.4 கிலோவாட். கூடுதல் காசு கொடுத்தால் 7.2 கிலோவாட்: சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டியில் 120 வோல்ட் 20 ஆம்பியர் நான்கு, 240 வோல்ட் 30 ஆம்பியர் ஒன்று. எஞ்சின் இடைவிடாமல் உறுமுவதில்லை. பேட்டரி இறங்கும்போது தானே கிளம்பி, ஏறியதும் அணையும். முழு டேங்க்கில் 7.2 கிலோவாட்டை 32 மணி நேரம் தரும் என்பது ஃபோர்டின் கணக்கு. 2021 பிப்ரவரியில் பனிப்புயலில் டெக்சஸ் இருளில் மூழ்கியபோது, விற்காமல் நின்ற இந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கச் சொல்லி அங்கிருந்த டீலர்களை ஃபோர்டு கேட்டுக்கொண்டது.

7.2 கிலோவாட்டில் ஃபிரிட்ஜ், ஃபர்னஸ் விசிறி, விளக்குகள், இன்டர்நெட் எல்லாம் சுகமாக ஓடும். கிணற்று மோட்டார் இருந்தால் கிளம்பும் நொடியின் இழுப்பைப் பார்க்க வேண்டும். மூன்று டன் சென்ட்ரல் ஏசியை நேரடியாகக் கிளப்புவது சந்தேகம். கிளம்பும் இழுப்பைத் தணிக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் வாய்ப்புண்டு.

வீட்டு பிரேக்கர் பேனலில் இணைக்கும்போது பலர் மாட்டுவது இங்கே: 240 வோல்ட்டைச் செருகியதும் வண்டி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. பழுது எதுவும் இல்லை. வண்டியின் பிளக் பாயிண்டில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளேயே இணைக்கப்பட்டு, மின்கசிவைப் பார்த்துத் துண்டிக்கும் பாதுகாப்பும் இருக்கிறது. வீட்டு பேனலிலும் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்கின்றன. இரண்டு இடத்தில் இணைந்தால் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போகும்; வண்டி அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளும். வெளி மின்சாரமும் வண்டி மின்சாரமும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் மலிவான இன்டர்லாக் தகடு நியூட்ரலை மாற்றுவதில்லை. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் வேண்டும், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் போட வேண்டும். வண்டி விலையில் இதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். எர்த் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதைத் தீர்வாகச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். கராஜுக்குள் வைத்தும் ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. எஞ்சின் எப்போது தானே கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குறைகள்: நான்கு கதவு சூப்பர்குரூ கேபினில் மட்டும்தான் வருகிறது. எட்டடித் தொட்டி வேண்டும், இரண்டு கதவு போதும் என்கிற ஒப்பந்ததாரருக்கு இது இல்லை. 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால், அடியில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழாது, ஏனென்றால் உயர் அழுத்தச் சுவிட்சுகளை மூடுவதே அந்த 12 வோல்ட்தான். வாரக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் 12 வோல்ட் பேட்டரியை இறங்காமல் வைத்திருக்கும் ஒரு மெயின்டெய்னர் சார்ஜர் வாங்கிக்கொள்வது நல்லது. ஹைபிரிட் பாகங்களுக்கு வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல்.

யாருக்கு: ஊருக்குள் அதிகம் ஓட்டுகிறவர், தளத்தில் வெல்டிங் மெஷினும் கம்ப்ரெஸரும் ஓட்டுகிற தொழிலாளி, மின்சாரம் அடிக்கடி போகும் பகுதியில் வீடு உள்ளவர். நல்ல இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றுக்கே சில ஆயிரம் டாலர் ஆகும். அதை எப்படியும் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹைபிரிட்டின் கூடுதல் விலை அங்கேயே கழிந்துவிடும்.

## டொயோட்டா டுன்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ்

மைலேஜுக்காக இதை வாங்காதீர்கள். கணக்கை மேலே பார்த்தோம். டொயோட்டா இங்கே மோட்டாரை எரிபொருள் சிக்கனத்துக்காக வைக்கவில்லை, வலுவுக்காக வைத்திருக்கிறது. டர்போ வேகம் பிடிக்கும் முன் வரும் அந்த அரை நொடித் தயக்கத்தை மோட்டார் நிரப்புகிறது. ட்ரெய்லரோடு சாலைச் சந்திப்பில் கிளம்பும்போது, படகை நீரிலிருந்து சரிவில் மேலே இழுக்கும்போது அது நன்றாகத் தெரியும். 583 பவுண்டு-அடி டார்க், டீசல் வண்டிகள் பேசும் எண்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, அறிமுகமானபோது இது லிமிடெட் என்ற தட்டிலிருந்துதான் கிடைத்தது. கீழ்த்தட்டு வண்டியில் ஹைபிரிட் கேட்டால் இல்லை. ஆகவே கூடுதல் விலை, எஞ்சின் விலையோடு நிற்காது. இரண்டாவது, பின் இருக்கைக்கு அடியில் கருவிப்பெட்டி வைக்கும் இடம் பேட்டரிக்குப் போய்விட்டது. அந்த பேட்டரி கேபின் காற்றில் குளிர்வது. அதன் காற்று வழியைத் துணி, நாய் முடி, தூசி அடைத்தால் சூடேறி ஆயுள் குறையும். பின் இருக்கையில் நாயை ஏற்றுகிறவர்கள் அந்த வலையை அவ்வப்போது வாக்குவம் பண்ண வேண்டும்.

பலமான பக்கம், வாரண்டி: பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல். பழைய டுன்ட்ரா தேடுபவர்களுக்கு இன்னொன்று. 2024-இல் டொயோட்டா 2022, 2023 மாடல்களில் ஒரு லட்சத்துக்கு அருகில் டுன்ட்ராக்களைத் திரும்ப அழைத்தது. எஞ்சின் தயாரிப்பில் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் பேரிங்கைக் கெடுப்பதுதான் காரணம். அந்த அழைப்பு ஹைபிரிட் அல்லாத வண்டிகளுக்கு மட்டும். ஹைபிரிட்டில் எஞ்சின் நின்றாலும் மோட்டாரின் பலத்தில் கொஞ்ச தூரம் ஓரங்கட்டலாம் என்பதால் அதைத் தனியாகப் பார்த்தார்கள். ஹைபிரிட்டிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதை மறக்க வேண்டாம். வண்டி எண்ணைப் போட்டு அரசின் திரும்ப அழைப்புப் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யாருக்கு: பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கும் எண்ணம் உள்ளவர், எப்படியும் மேல்தட்டு வண்டிதான் வாங்கப் போகிறவர், நடுத்தர எடை ட்ரெய்லரைச் சமவெளியில் இழுப்பவர்.

## ராம் இடார்க்

விளம்பரத்தில் சொல்லும் 130 பவுண்டு-அடி கூடுதல் டார்க் (வி6-இல் 90), கிளம்பும் கணத்துக்கு மட்டும். 3.6 லிட்டர் வி6-இல் இடார்க் வழக்கமாகவே வருகிறது, தனியாகக் காசு கேட்பதில்லை. 5.7 வி8 எஞ்சின் 2025 மாடலில் விடைபெற்று, 2026-இல் இடார்க்கோடு திரும்பிவிட்டது.

பழுதானால் செலவு எங்கே? சாதாரண ஆல்டர்னேட்டர் போனால் எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். இங்கே போவது மோட்டார்-ஜெனரேட்டர். அதன் விலையும் வேறு, வி6-இல் அதற்குக் கூலன்ட் குழாய்களும் உண்டு. பெல்ட் இரண்டு திசையிலும் இழுபடுகிறது, தள்ளும்போது ஒரு பக்கம், சார்ஜ் செய்யும்போது மறுபக்கம். ஆகவே பெல்ட்டும் டென்ஷனரும் வழக்கமான வண்டியை விட முன்னதாகவே கவனம் கேட்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாருக்கு: அமைதியான பயணமும் நல்ல கேபினும் வேண்டும், சிக்னலில் கொஞ்சம் மிச்சமானால் போதும் என்கிறவருக்கு. மின்சாரம் எடுக்க வாங்குகிறவருக்கு இல்லை.

## வெறும் பெட்ரோலும் டீசலும்

வருஷத்தில் இருபது நாளுக்கு மேல் 8,000 பவுண்டைத் தாண்டி இழுப்பவருக்கு ஃபோர்டின் 3.5 எக்கோபூஸ்ட் (அட்டவணையின் முதல் எஃப்-150) போன்ற பெட்ரோல் வண்டியே சரி. எடை குறைவு, சுமை வரம்பு அதிகம், கேபினும் தொட்டியும் விரும்பியபடி கிடைக்கும். லேசான வேலைக்கு 2.7 எக்கோபூஸ்டைப் பார்க்காமல் விடாதீர்கள். நான்கு சக்கர இயக்கத்தில் 19/24/21, 3.5-ஐ விட மலிவு. ஹைபிரிட்டின் மைலேஜை இந்த எஞ்சினோடு ஒப்பிட்டால் மிச்சம் இன்னும் சுருங்கும். விற்பவர்கள் இந்த ஒப்பீட்டைச் சொல்வதில்லை.

நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறவர் ஜெனரல் மோட்டார்ஸின் 3.0 லிட்டர் டீசலைப் பார்க்கலாம். 2020 சில்வராடோ இரு சக்கர இயக்கத்தில் நெடுஞ்சாலை மைலேஜ் 33. எந்த ஹைபிரிட் முழு அளவு பிக்கப்பும் அங்கே கிட்ட வராது. பதிலுக்கு யூரியா திரவம் ஊற்ற வேண்டும், புகை வடிகட்டி சிறு ஓட்டங்களில் அடைபடும். முதல் தலைமுறை எஞ்சினில் ஆயில் பம்ப் பெல்ட்டை 1,50,000 மைலில் மாற்ற வேண்டும். அது எஞ்சினின் பின்புறம் இருப்பதால் கியர்பாக்ஸை இறக்கித்தான் தொட முடியும். பழைய வண்டி வாங்குகிறவர் அந்த வேலை முடிந்ததா என்று ரசீது கேளுங்கள்.

## சுமை வரம்பு: எல்லாத் திட்டத்தையும் கவிழ்ப்பது

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே அச்சிட்டது. பவர்பூஸ்டுக்கு 2021 விளம்பரத்தில் அதிகபட்சம் 2,120. டுன்ட்ரா ஹைபிரிட்டுக்கு 1,680. சன்ரூஃப், தோல் இருக்கை, பெரிய சக்கரம் எல்லாம் வைத்த மேல்தட்டு ஹைபிரிட்டில் கதவைத் திறந்து பார்த்தால் 1,400-ஐ ஒட்டிய எண்ணைப் பார்ப்பது அதிசயமில்லை.

அந்த 1,400-இல் ஒரு குடும்பம். நான்கு பேர் 650 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் கொக்கி) 90. மிச்சம் 660. ட்ரெய்லரின் எடையில் சுமார் 13 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அமரும். 660-ஐ 0.13-ஆல் வகுத்தால் 5,077. இழுவை வரம்பு 12,700 என்று போட்ட வண்டி, இந்தக் குடும்பத்தோடு ஐந்தாயிரம் பவுண்டு ட்ரெய்லருக்கு மேல் இழுக்க முடியாது. தொட்டியில் ஐஸ் பெட்டி ஒன்று வைத்தால் அதுவும் குறையும். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு டீலர் மாட்டிய தொட்டி மூடியும் பக்கப் படியும் இந்த 1,400-இலிருந்தே கழிய வேண்டும்.

## ராமின் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாமா?

ராம் 2023 நவம்பரில் வேறொரு வழியை அறிவித்தது: 92 கிலோவாட்-மணி பேட்டரி, சக்கரங்களை மோட்டார் மட்டுமே சுழற்றும், 3.6 லிட்டர் வி6 வெறும் 130 கிலோவாட் ஜெனரேட்டரை ஓட்டும். முதல் 145 மைல் மின்சாரத்தில், மொத்தம் 690 மைல், இழுவை 14,000 பவுண்டு என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. இரண்டரை நிமிட பேட்டரிப் பிரச்சினைக்கு இதுவே நேரான விடை. ஆனால் அறிமுகம் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது. இப்போதைய வண்டி நன்றாக ஓடுகிறதென்றால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பித்துவிட்டதென்றால் வேண்டாம்.

## ஷோரூமில் செய்ய வேண்டியவை

- கதவு ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். பக்கத்தில் நிற்கும் பெட்ரோல் வண்டியினுடையதையும் எடுங்கள்.
- பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் கருவிப்பெட்டியின் அளவை நாடாவில் குறித்துக்கொண்டு போனால் நல்லது.
- 7.2 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் தொட்டியில் 240 வோல்ட் பாயிண்ட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 2.4 கிலோவாட் வண்டியில் அது கிடையாது, பிறகு சேர்ப்பதும் லேசில்லை.
- சோதனை ஓட்டத்தை ஊருக்குள் வையுங்கள். மெதுவாக நிற்கும் கடைசி ஐந்து மைல் வேகத்தில் பிரேக் மோட்டாரிலிருந்து பேடுக்கு மாறும். அந்த இடத்தில் வெடுக்கென்று இழுத்தால் உங்களுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள்.
- சாலையில் உப்பு தூவும் மாநிலமானால், பிரேக் பேட் நீண்ட நாள் உழைக்கும் என்ற வாக்கை அப்படியே நம்பாதீர்கள். பேட் குறைவாக உரசுவதால் டிஸ்க்கில் துரு தங்கும், காலிப்பரின் பின்கள் இறுகும். வருஷம் ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க எவ்வளவு என்று சர்வீஸ் கவுண்டரில் விலை கேட்டுவிட்டு வாருங்கள்.